ஒரு கேப்சூலுக்குள் இரண்டு மருந்துகள்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சுருக்கம்:

"எனக்கு வயது 43. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும் என்பதால் வெறும் டீயோடு கிளம்பிவிடுவேன். இரண்டு வருடங்களாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் இருக்கின்றன. முதலில் பார்த்த டாக்டர் பான்டோப்ரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூலைப் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு காலி அட்டையை மெடிக்கலில் காட்டி நானே வாங்கிப் போடுகிறேன். இரவு சாப்பிட்டதும் ஒன்று, எரிச்சல் அதிகமாக இருந்தால் காலையிலும் ஒன்று. நிறுத்தினால் மூன்றே நாளில் முன்பைவிட மோசமாகிறது. முழங்கால் வலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் வலி மாத்திரை எடுக்கிறேன். சில மாதங்களாக மேல்வயிற்றில் ஒரே இடத்தில் வலி வந்து நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறது. மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது. இது அல்சரா? இந்த கேப்சூலைத் தொடரலாமா? கிட்னி போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கும் என் மாமியாரும் (வயது 67) கேஸ் என்று சொன்னால் என் அட்டையிலிருந்துதான் ஒன்று கொடுப்பேன்."

அன்புச் சகோதரி,

கடைசி வரியில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மாமியாருக்கு அந்த அட்டையிலிருந்து இனி ஒரு கேப்சூல்கூடக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் டாம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடிய மருந்து. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும், துடிப்பைப் பாதிக்கும் வேறு மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். ஸ்டென்ட் வைத்தவர்கள் பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுத்துக்கொள்வார்கள். அவற்றால் வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படாமல் இருக்க அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் அவருடைய மருந்துச் சீட்டிலேயே இருக்கக்கூடும். இல்லையென்றால் அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளில் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் ஆகிய இரண்டும் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கக்கூடியவை என்பதால், எதைக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கேட்காமல் அவருடைய மாத்திரைகளில் எதையும் நிறுத்திவிடவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நம் ஊரில் மாரடைப்பு பல வீடுகளில் 'கேஸ்' என்ற பெயரில்தான் வந்திருக்கிறது. நெஞ்சை அழுத்துவதுபோன்ற வலி, வியர்த்துக் கொட்டுவது, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள். வயதான பெண்களுக்கு இந்த அறிகுறிகள் தெளிவாக இல்லாமல், வெறும் வயிற்றுக் குமட்டலாகவும் அசதியாகவும் வருவதுண்டு.

இனி உங்களைப் பற்றி. கையில் இருக்கும் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். இவ்வகைக் கேப்சூல்களில் பெரும்பாலானவற்றில் பான்டோப்ரசோல் 40 மில்லிகிராமும், டாம்பெரிடோன் 30 மில்லிகிராமும் இருக்கும். டாம்பெரிடோனை அடுத்து எஸ்.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால், அது சிறிது சிறிதாக நாள் முழுவதும் கரையும்படி செய்யப்பட்டது என்று பொருள். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கும். பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு வருடங்களாக நீண்டதற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். விடியற்காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற ஒரு பெண்ணுக்கு, மருத்துவமனையில் ஒரு பகல் காத்திருப்பது என்றால் ஒரு நாள் சம்பளம் போவது என்று அர்த்தம். ஆனால் அந்த ஒரு நாளை நீங்கள் இப்போது கட்டாயம் ஒதுக்கியாக வேண்டும்.

இரண்டு மருந்துகளும் ஒரே உறைக்குள் இருப்பதால் அவற்றை ஒரே மருந்தாக எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவற்றின் வேலையும் வேறு, எடுக்க வேண்டிய காலமும் வேறு, ஆபத்தும் வேறு.

பான்டோப்ரசோல் அமிலம் சுரப்பதைக் குறைப்பது. இரைப்பையின் சுவரில் உள்ள சில செல்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கும். இந்த மருந்து வயிற்றில் நேரடியாக வேலை செய்வதில்லை. சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தின் வழியாகத் திரும்பி வந்து, விழித்திருக்கும் பம்புகளைப் பிடித்து அடைக்கிறது. ரத்தத்தில் அது ஓரிரு மணி நேரத்திலேயே வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே பம்புகள் விழிக்கும் நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். 'சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு' என்று சொல்வதன் காரணம் இதுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கிவிட்டுப் படுத்துவிடும் உங்களுக்கு அதன் பயன் முழுமையாகக் கிடைத்திருக்காது. அது போதாமல்தான் காலையில் இரண்டாவது கேப்சூலைத் தேடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எடுத்த அன்றே முழுப் பலனும் தெரிந்துவிடாது, மூன்று நான்கு நாட்கள் ஆகும். உறையைப் பிரித்து உள்ளிருப்பதைப் பொடித்துச் சாப்பிடுவதும் வீண், ஏனெனில் அதன் மேல்பூச்சு போய்விட்டால் வயிற்றின் அமிலமே மருந்தை அழித்துவிடும்.

டாம்பெரிடோனின் வேலை இரைப்பையை விரைவாகக் காலி செய்யவைப்பதும் குமட்டலை அடக்குவதும். எதுக்களிப்போடு குமட்டலும், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிட்ட உணர்வும் இருப்பவர்களுக்குச் சில நாட்கள் அது உதவலாம். ஐரோப்பிய மருந்துகள் முகமை 2014-இல் இந்த மருந்தை மறு ஆய்வு செய்து, இதய ஆபத்தைக் கருதி, குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டுமே தர வேண்டும், பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று வரையறுத்தது. நெஞ்செரிச்சலுக்கு அதைத் தர வேண்டாம் என்றும் சொன்னது. நம் நாட்டில் இந்தக் கூட்டு மருந்து பரவலாக எழுதப்படுகிறது, விற்கப்படுகிறது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: உங்களுடைய ஒரு கேப்சூலிலேயே அந்த நாள் வரம்பு முடிந்துவிடுகிறது. காலையிலும் ஒன்று போடும் நாட்களில் அது இரு மடங்கு. ஒரு வாரம் என்ற இடத்தில் உங்களுக்கு இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன.

உங்கள் மாதவிலக்குக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். டாம்பெரிடோன் புரொலாக்டின் என்னும் ஹார்மோனை உயர்த்தும். அதனால் சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், பால் கொடுக்காத மார்பிலும் கசிவு தோன்றும். 43 வயதில் வேறு காரணங்களும் இருக்கலாம், கருத்தரித்திருக்கும் வாய்ப்பையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மருத்துவரிடம் போகும்போது, வயிறும் மாதவிலக்கும் வேறு வேறு சங்கதி என்று எண்ணி இதைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள்.

அல்சரா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்து அதை உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சந்தேகப்பட வலுவான காரணங்கள் இருக்கின்றன. நடுராத்திரியில் எழுப்புகிற, மேல்வயிற்றில் ஒரே இடத்தில் நிற்கிற வலி, இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில் வரும் புண்ணின் பழைய அடையாளம். தென்னிந்தியாவில் அது நெடுங்காலம் மிகுதியாக இருந்தது. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922-லும் 1924-லும் சென்ற குழுக்களில் இருந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர், தென்கோடி நெய்யூரில் ஏராளமானோருக்குக் குடல்புண் அறுவை சிகிச்சை செய்து, பிறகு நம் வேலூர் சி.எம்.சி.யிலும் பணியாற்றினார். அவர் கத்தியால் தீர்க்க வேண்டியிருந்த நோய் இன்று பெரும்பாலும் மாத்திரையால் தீர்கிறது. காரணம் என்னவென்று கண்டுபிடித்துவிட்டதுதான் அந்த மாற்றத்துக்கு வழி. காரத்தாலும் கவலையாலும் வருகிறது என்று நம்பப்பட்ட புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி காரணம் என்பதை ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1980-களில் காட்டினார்கள். மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துத் தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது, ஆனால் அவர்களில் சிலருக்கே புண் வருகிறது.

இரண்டாவது பெரிய காரணம் உங்கள் கைப்பையிலேயே இருக்கிறது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், வயிற்றின் உட்சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தை உருவாக்க உதவும் பொருட்களின் உற்பத்தியையே தடுத்துவிடுகின்றன. "மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், இடுப்பு வலிக்கு அப்படி வாரத்துக்கு இரண்டு ஊசி போட்டுக்கொண்டு, கூடவே உங்களுடையதைப் போன்ற கேப்சூலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி தயங்கித் தயங்கி, "மலம் ரெண்டு நாளா தார் மாதிரி கருப்பாப் போகுதுங்க" என்று சொன்னபோது, கணவரின் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை, காகிதம்போல் வெளுத்திருந்தது. ஊசியாகப் போனாலும் மருந்து ரத்தத்தின் வழியாக அதே வேலையைத்தான் செய்யும். புண்ணுக்குக் காரணமானதைத் தொடர்ந்துகொண்டு, எரிச்சலை மட்டும் கேப்சூலால் அடக்கினால் இப்படி ஆகலாம். அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

புண்ணை ஆற்றுவது அந்தக் கூட்டு மருந்தில் உள்ள பான்டோப்ரசோல்தான். முன்சிறுகுடல் புண்ணுக்கு ஏறத்தாழ நான்கு வாரம், இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம் அதைச் சரியாக எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். புண் ஆறுவதில் டாம்பெரிடோனுக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஆகவே வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். முழங்காலுக்கு இப்போதைக்குப் பாரசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும் போதும். பிறகு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்களுக்கு வசதியான வேறொரு மருத்துவமனைக்கோ சென்று இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். அவர் எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்லக்கூடும். வாய்வழியாகக் குழாய் விடுவது என்றதும் பலர் ஓடிவிடுகிறார்கள். வெறும் வயிற்றோடு போய், தொண்டை மரத்துப்போக மருந்து தெளித்துக்கொண்டால், சில நிமிடங்களில் முடிந்துவிடும் சோதனை அது. இரைப்பையில் புண் இருந்தால் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய்ப் புண்ணின் வலியையும் அமிலக் குறைப்பு மருந்து சில காலம் தணித்துவைக்கும் என்பதால் அந்தச் சோதனை முக்கியம்.

கிருமிக்கான மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்வதாக இருந்தால், அதற்கு முன் இரண்டு வாரம் பான்டோப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கிருமி இருப்பது உறுதியானால், அமிலக் குறைப்பு மருந்தோடு ஆன்டிபயாடிக் மருந்துகளும் சேர்த்து, வழக்கமாக 14 நாட்கள் தருவார்கள். அவற்றில் கிளாரித்ரோமைசின் இருக்க வாய்ப்பு உண்டு. அது டாம்பெரிடோனின் அளவை ரத்தத்தில் ஏற்றி இதயத் துடிப்பைக் குலைக்கும் என்பதால், இவ்விரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய கேப்சூலை "இதுவும் வயிற்றுக்குத்தானே" என்று அந்த நாட்களில் தொட்டுவிடாதீர்கள். பதினான்கு நாட்களையும் முடித்த பின், நான்கு வாரம் கழித்துக் கிருமி ஒழிந்ததா என்று மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மலம் தார்போலக் கறுத்தாலோ, வாந்தி ரத்தமாகவோ காபித் தூள் கலந்ததுபோலவோ வந்தாலோ, வயிறு திடீரெனப் பலகைபோல் இறுகி வலித்தாலோ, விடுப்புக்காகக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், எனவே அதைச் சாப்பிடுகிறீர்களா என்பதைச் சொல்லிவிடுங்கள். விழுங்கும்போது உணவு சிக்குவதும் காரணமில்லாமல் எடை குறைவதும்கூட விரைவில் பார்க்க வேண்டிய அறிகுறிகள்.

கிட்னியைப் பற்றிய பயம் முழுக்கப் பொய்யல்ல. பான்டோப்ரசோல் வகை மருந்துகளால் அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சி வருவதுண்டு. வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு மெக்னீசியமும் வைட்டமின் பி12-உம் குறையலாம், எலும்பு முறிவுக்கான வாய்ப்பும் சற்றுக் கூடுவதாகக் கருதப்படுகிறது. இருந்தாலும் தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்து, அந்தப் பயத்தால் புண்ணை ஆறவிடாமல் செய்வது பெரிய தவறு. உங்கள் சிறுநீரகத்துக்கு அதைவிட அந்த வலி மாத்திரைகளைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன்.

நிறுத்தினால் மூன்றே நாளில் மோசமாவதை, நோய் முற்றிவிட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட நாள் அடைத்துவைத்த பம்புகள் திறந்ததும் முன்பைவிட அதிகமாக அமிலத்தைச் சுரக்கும், இது சில வாரங்கள் நீடித்துத் தானாகவே தணியும். அதனால்தான் ஒரேயடியாக நிறுத்தாமல், முதலில் மருத்துவரின் ஒப்புதலோடு கூட்டு மருந்தைவிட்டுத் தனிப் பான்டோப்ரசோலுக்கு மாறி, புண் ஆறியது உறுதியான பிறகு அதையும் அளவு குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கி, இடையில் எரிச்சல் எழுந்தால் அமிலமுறிவுத் திரவத்தைக் குடித்துச் சமாளிக்கச் சொல்கிறோம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, காரம் புண்ணை உண்டாக்குவதில்லை. உங்களுக்கு எரிச்சல் தரும் உணவை மட்டும் தள்ளிவைத்தால் போதும். மணத்தக்காளிக் கீரையை விரும்பினால் தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் அது கிருமியைக் கொல்லும் என்று நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவதும், கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துவதும், இடது பக்கமாகப் படுப்பதும் எதுக்களிப்புக்கு நிஜமாகவே உதவும்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்கு வழி இருக்கிறது. நாலரைக்கு எழுந்ததும் மருத்துவர் தந்த மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, குளித்து, தலை வாரி முடித்து ஐந்து மணிக்கு உட்காருங்கள். முதல் நாள் இரவே கரைத்துவைத்த கேழ்வரகுக் கூழோ, இரண்டு இட்லியோ அந்த நேரத்துக்குப் போதும். டீயை அதற்குப் பிறகு குடியுங்கள்.