பெட்ரோல் வாசனை பிடித்திருந்தால் அது போதைப் பழக்கமா?

பெட்ரோல் பங்கிலோ புதிதாகப் பெயின்ட் அடித்த அறையிலோ எழும் வாசனை பிடித்திருப்பது மட்டுமே அடிமைத்தனம் ஆகாது. பெட்ரோலிலுள்ள பென்சீனுக்கு இயல்பாகவே இனிய மணம் உண்டு, மேலும் மணத்தை உணரும் நரம்புப் பாதை, மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு நெருங்கிப் பிணைந்திருப்பதால், சிறுவயதுப் பயண நினைவுகூட அந்த விருப்பத்துக்குக் காரணமாகலாம்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் கையேடு, பயன்பாட்டைக் கட்டுப்படுத்த இயலாமை, தீராத வேட்கை, தீங்கு தெரிந்தும் தொடர்தல் போன்ற அறிகுறிகளில் குறைந்தது இரண்டாவது 12 மாதங்களுக்குள் தென்பட்டால்தான் அதைக் கோளாறு என்கிறது. போதைக்காகவே பெயின்டில் கலக்கும் தின்னரை முகர்வது முற்றிலும் வேறு: அதிலுள்ள டொலுவீன் என்ற வேதிப்பொருள் மூளையைப் பாதிப்பதுடன், இதயத் துடிப்பைக் குலைத்து முதல் முறையிலேயே உயிரைப் பறிக்கவும் கூடும். பென்சீனோ புற்றுநோய் உண்டாக்குவது. ஆகவே, அடிமையல்லாதவரும் பெட்ரோலை வேண்டுமென்றே முகர்வதைத் தவிர்க்க வேண்டும்.