படகுக்காகக் கொடுத்த முகவரி

அன்புள்ள ஐயா,

2015 சென்னை வெள்ளத்தின்போது மக்கள் ட்விட்டரில் உதவி கேட்டு எழுதியவற்றை வைத்து ஆய்வு செய்கிறேன். எல்லாமே யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவுகள். சேகரித்த கோப்பை அப்படியே இணையத்தில் ஏற்றினால் மற்ற ஆய்வாளர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். தோழி ஒருத்தி அது தவறு என்கிறாள். பொதுவில் எழுதியதில் என்ன அந்தரங்கம்?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

அந்த டிசம்பரில் நானும் அப்படி ஒரு பதிவு போட்டேன். முடிச்சூரில் என் அத்தை மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார். வீட்டு எண், தெரு, கைபேசி எண், 'சர்க்கரை நோயாளி, தனியாக இருக்கிறார்' என்பது வரை எழுதினேன். மறுநாள் மீனவர்கள் படகில் வந்து அவரை இறக்கினார்கள். உடனே பதிவை அழித்தேன். ஆனால் அதற்குள் பலர் அதை எடுத்துப் பரப்பியிருந்தார்கள். பொங்கல் தாண்டியும் அத்தைக்கு அழைப்புகள் வந்தன. முதலில் அக்கறையோடு விசாரித்தவர்கள், அப்புறம் ராத்திரியில் யார் யாரோ. கடைசியில் எண்ணையே மாற்றினார்.

அது பொதுப் பதிவுதான். ஆனால் படகு வைத்திருந்த யாரோ ஒருவர் கண்ணில் படவேண்டும் என்றுதான் எழுதினேன்.

'ஏற்கெனவே பொதுவில் இருப்பதுதானே' என்பது பழைய வாதம். 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் ஓகேகியூபிட் என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை வெளியிட்டபோதும் இதைத்தான் சொன்னார்கள். பாலியல் விருப்பம் பற்றிய பதில்கள் அதில் இருந்தன. பயனர் பெயர்களைக்கூட மறைக்கவில்லை. ஒருவர் பக்கத்தை இன்னொருவர் பார்ப்பதும், அத்தனை பேரையும் ஒரே கோப்பில் போட்டுத் தேட வழிசெய்வதும் ஒன்றா?

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். 2008இல் அமெரிக்காவில் சுமார் 1,700 மாணவர்களின் ஃபேஸ்புக் விவரங்களைப் பெயர் நீக்கி, பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லாமல் வெளியிட்டார்கள். கூடவே கொடுத்த குறிப்புகளையும் பாடப்பிரிவுகளின் பட்டியலையும் வைத்தே அது ஹார்வர்டு என்று மைக்கேல் ஸிம்மர் என்ற இணைய அந்தரங்க ஆய்வாளர் கண்டுபிடித்துவிட்டார்.

நம் சட்டம் இதில் பெரிதாகக் காப்பாற்றாது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வைத்த விவரங்களுக்குப் பொருந்தாது. ஆனால் 'தானே' என்ற சொல்லைக் கவனியுங்கள். அத்தை எதையும் பொதுவில் வைக்கவில்லை. வைத்தது நான். வெள்ளத்தின்போது வெளியூரிலிருந்த பிள்ளைகளும் நண்பர்களும் எழுதிய பதிவுகள் எத்தனை! உங்கள் கோப்பில் இருக்கும் கைபேசி எண்கள் பலவும் எழுதியவருடையவை அல்ல.

அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் பதிவுகளை மொத்தமாக எடுக்கத் தந்திருந்த இலவச வழியை 2023இல் ட்விட்டர் நிறுத்தியது. ஃபேஸ்புக்கின் பொதுப் பதிவுகளை ஆராய உதவிய க்ரௌட்டாங்கிள் கருவியை 2024இல் அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனம் மூடியது. பணம் இருப்பவர்கள் ட்விட்டர் பதிவுகளை இன்றும் வாங்கலாம். உங்களைப் போன்ற மாணவர்களுக்குத்தான் கதவு அடைபட்டது. இது எனக்குக் கோபம் தருகிறது. எந்தப் பகுதிக்குப் படகு போகவில்லை, ட்விட்டரில் கேட்கத் தெரியாதவர்கள் என்ன ஆனார்கள் என்பதையெல்லாம் யாராவது ஆராய்ந்தே ஆகவேண்டும்.

ஆய்வாளர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. பதிவின் வாசகத்தைத் தராமல் அதன் அடையாள எண்ணை மட்டும் வெளியிடுவார்கள். வேண்டியவர்கள் அதைக்கொண்டு தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் அழித்திருந்தால் கிடைக்காது. இலவச வழி போனபின் இது கடினமாகிவிட்டது. ஆனாலும் பதிவுகளின் அடையாள எண்களையும், பகுதிவாரியாக, மணிவாரியாகத் தொகுத்த கணக்கையும் வெளியிடுங்கள். வாசகத்தை உங்களிடமே வைத்திருந்து, கேட்பவர் யார், எதற்கு என்று தெரிந்தபின் கொடுங்கள். கட்டுரையில் பதிவுகளை வார்த்தை மாறாமல் மேற்கோள் காட்டாதீர்கள். ஒரு வரியைத் தேடினாலே எழுதியவர் வந்துவிடுவார்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் கோப்பில் 'முடிச்சூர்' என்று தேடிப் பாருங்கள். தனியாக இருக்கும் சர்க்கரை நோயாளி ஒருவரின் வீட்டு எண் வந்தால், தயவுசெய்து அந்த வரியை நீக்கிவிடுங்கள். அத்தை இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.