இரும்பு ஆக்சைடு நானோ துகள் ஏன் நிலைக்கவில்லை? கேள்வி பதில்

கேள்வி (குடியாத்தம், எம்.எஸ்சி. மாணவி): சார், கறுப்பாக வந்த மேக்னடைட் (கறுப்பு இரும்பு ஆக்சைடு) நானோ துகள் ஒரு வாரத்தில் பழுப்பாகி அடியில் படிந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: இரண்டும் தனித்தனிச் சிக்கல், அம்மா. பழுப்பானது ஆக்சிஜனேற்றம், மேக்னடைட் காற்றுபட்டு மேக்ஹெமைட் என்ற பழுப்பு இரும்பு ஆக்சைடாக ஆகிறது. அதையும் காந்தம் நன்றாகவே இழுக்கும், கொட்டிவிடாதீர்கள். படிந்ததற்குக் காரணம், பூச்சில்லாத துகளுக்கு பி.எச். 7-ஐ ஒட்டி மின்சுமை ஏறக்குறைய இல்லாமல் போவது. விலக்க விசையில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மறுபடி செய்ய, ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.78 கிராம், ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம் எடுங்கள். மோல் கணக்கில் 1:2. நீரற்ற ஃபெரிக் குளோரைடு என்றால் 3.24 கிராம்தான், லேபிளைப் பார்க்காமல் எடை போட்டால் விகிதமே கெடும். பச்சையாக இருக்க வேண்டிய ஃபெரஸ் சல்பேட் பழுப்பேறியிருந்தால் புதிது வாங்குங்கள். நைட்ரஜன் ஊதிய காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, வேகமாகக் கலக்கியபடி பி.எச். 10 வரும்வரை அம்மோனியா ஊற்றுங்கள். வேலூர் வெயிலில் அம்மோனியா புட்டியைக் குளிரவைத்து, ஆய்வகப் புகைக்கூண்டுக்குள்தான் (ஃபியூம் ஹுட்) திறக்க வேண்டும். அப்புறம் காந்தம் வைத்து அலசி, சிட்ரிக் அமிலம் சேர்த்து 80–90 டிகிரியில் சூடாக்கி, பி.எச்.சை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். சிட்ரேட் தரும் எதிர்மின்சுமைதான் துகள்களைப் பிரித்து வைக்கும். உலர்த்தாதீர்கள், உலர்ந்த தூள் பழையபடி பிரியாது. போர் தண்ணீரில் அலசவே வேண்டாம். அதன் கால்சியம் சிட்ரேட்டைப் பிணைத்துத் துகள்களைத் திரட்டிவிடும்.

கேள்வி (காட்பாடி): விகிதம் 1:2-ஆ, 2:1-ஆ?

பதில்: ஃபெரஸ் ஒன்று, ஃபெரிக் இரண்டு. மேலேயே இருக்கிறது.

கேள்வி (வாலாஜா): எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர்ச் சோதனை) எடுத்தேன். மேக்னடைட் என்று எழுதலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து எழுதாதீர்கள். மேக்ஹெமைட்டின் கோடுகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். இரும்பின் நிலையைப் பிரித்துக் காட்டும் மோஸ்பவர் நிறமாலை எடுங்கள்.

கேள்வி (ராணிப்பேட்டை): தோல் ஆலைக் குரோமியம் இறங்கிய கிணற்றில் இந்தத் துகளைப் போடலாமா?

ஆம்பூர் வாசகர்: எல்லாப் பழியும் தோலுக்கா? நாங்கள் பதனிடுவது குரோமியம் 3-ஐக் கொண்டு. விஷம் குரோமியம் 6 அல்லவா?

பதில்: வேதியியலில் ஆம்பூர்க்காரர் சொல்வது சரி. ராணிப்பேட்டை நிலத்தடி நீரில் கலந்த குரோமியம் 6-க்கு முக்கிய மூலம், மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல். துகள் அதைப் பிடிக்கும். துகளிலுள்ள ஃபெரஸ் இரும்பு அதை குரோமியம் 3 ஆக மாற்றவும் செய்யும். ஆனால் அமில நீரில் கிடைக்கும் வேகம் கிணற்று நீரில் கிடைக்காது, சல்பேட்டும் பைகார்பனேட்டும் போட்டிக்கு வரும். கிணற்றில் கொட்டினால் முழுதும் மீட்க முடியாது. தனித்தொட்டியில் செய்து, மிஞ்சும் சகதியை அபாயக் கழிவாக ஒப்படையுங்கள்.

ஆம்பூர் வாசகர்: அப்படியானால் பாலாற்றை நாங்கள் கெடுக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்.

பதில்: இல்லை ஐயா. குரோமியம் 6 வேறு, உப்பு வேறு. தோலைப் பதப்படுத்தும் உப்பு பாலாற்றுக் கிணறுகளைக் கரிக்க வைத்தது உண்மை. உப்பை இந்தத் துகள் தொடக்கூடச் செய்யாது.

கேள்வி (ஆற்காடு): போர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அலசலாமா?

பதில்: கூடாது. கொதிக்க வைத்தாலும் கால்சியம் முழுதும் போகாது. காய்ச்சி வடித்த நீர் மட்டும்.