பொட்டென்ஷியல் 65 காட்டிய வீரர் ஏன் 45 ஆனார்? – வாசகர் கேள்வி-பதில்

பேஸ்பால் அணியை நிர்வகிக்கும் கணினி விளையாட்டான ‘அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்’ விளையாட்டில் அணி நடத்துகிறவர்கள், இளம் வீரர்களை வளர்ப்பது பற்றிக் கேட்ட கேள்விகள் இந்த முறை.

கேள்வி: டிராஃப்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) எடுத்தபோது பொட்டென்ஷியல் (வருங்காலத்தில் எட்டக்கூடிய திறமை) 65 காட்டிய வீரர், இரண்டே ஆண்டில் 45க்கு இறங்கிவிட்டார். நான் என்ன தவறு செய்தேன்?

பெரும்பாலும் எதுவுமே இல்லை. திரையில் தெரிந்த 65 அவருடைய திறமை அல்ல, உங்கள் ஸ்கவுட் (வீரர்களைக் கணித்துச் சொல்பவர்) போட்ட மதிப்பு. 20 முதல் 80 வரை போகும் இந்த அளவுகோலில் 50தான் உச்சமட்டமான மேஜர் லீக்கின் சராசரி. பள்ளியிலிருந்து நேராக வரும் வீரர்களைக் கணிப்பதில்தான் ஸ்கவுட்டுகள் அதிகம் தவறுவார்கள். வீரர் ஆட ஆட, மதிப்பு உண்மைக்குப் பக்கத்தில் வரும். ஆக, அந்த 20 புள்ளி வீழ்ச்சியில் ஒரு பங்கு, பழைய தப்புக் கணக்கு நேரானது மட்டுமே.

மீதி, நிஜமான இறக்கமாக இருக்கலாம். திறமை திடீரென ஏறுவதையும் இறங்குவதையும் தீர்மானிக்கும் எண் ஒன்று லீக் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) இருக்கிறது. அதன் வழக்கமான அளவு 100. அதைக் குறைத்தால் இந்த அதிர்ச்சிகள் குறையும். ஆனால் எதிர்பாராமல் மலரும் வீரர்களும் குறைவார்கள். அதனால் 100லேயே விடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

எது தப்புக் கணக்கு, எது நிஜம் என்று பிரித்தறிய, உங்கள் ஸ்கவுட்டின் மதிப்பையும் பொது ஸ்கவுட்டிங் நிறுவனமான ஓஎஸ்ஏவின் மதிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் நம்புங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ஒரு சீசன் பொறுங்கள். அந்த ஆண்டில் தலைமை ஸ்கவுட்டை மாற்றியிருந்தால், பல வீரர்களின் எண்கள் ஒரே நேரத்தில் ஆடும். அதைப் பார்த்து அவசரப்பட்டு யாரையும் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: 19 வயது ஷார்ட்ஸ்டாப்பை (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஹை-ஏ (மைனர் லீக்கின் நடுமட்டம்) அணிக்கு ஏற்றினேன். பேட்டிங் சராசரி 0.212தான். கீழே இறக்கிவிடலாமா? (150 முறை மட்டை பிடித்ததில் 137 அட்-பேட் (வாக் போன்றவை சேராத வாய்ப்பு), 29 ஹிட், 3 ஹோம் ரன், 12 வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் முதல் பேஸ்), 33 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்).)

இறக்காதீர்கள். இத்தனை குறைந்த வாய்ப்புகளில் பேட்டிங் சராசரி எதையும் சொல்லாது. அது நம்பும்படி நிலைக்க ஒரு முழு சீசன்கூடப் போதாது. சீக்கிரம் நிலைப்பது ஸ்ட்ரைக்அவுட் விகிதம், அடுத்தது வாக் விகிதம். உங்கள் வீரருக்கு ஸ்ட்ரைக்அவுட் 22 சதவீதம், வாக் 8 சதவீதம். தன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்த பிட்சர்களை (பந்து வீசுபவர்கள்) எதிர்கொள்ளும் 19 வயதுக்காரருக்கு இது நல்ல கணக்கு.

பிறகு ஏன் 0.212? 137 அட்-பேட்டில் ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம் ரன்னையும் கழித்தால் களத்துக்குள் விழுந்த பந்துகள் 101. அவற்றில் ஹிட் ஆனவை 26, அதாவது 0.257. இது வழக்கமாக 0.300ஐ ஒட்டி இருக்கும். அடித்த பந்துகள் ஃபீல்டர்களின் கைக்கே போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

இதே 150 வாய்ப்பில் 50 ஸ்ட்ரைக்அவுட், 4 வாக் என்று இருந்திருந்தால் யோசிக்காமல் இறக்கச் சொல்லியிருப்போம். தாங்க முடியாத மட்டத்தில் மாதக்கணக்கில் திணறுகிற வீரரின் வளர்ச்சி தடைபடும். மிக எளிதான மட்டத்தில் வருடக்கணக்கில் வைத்திருந்தாலும் அதே கதைதான்.

மட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: அவர் தினமும் ஆடுகிறாரா? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரே அணியில் இரண்டு நல்ல ஷார்ட்ஸ்டாப்புகளை வைத்தால் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தே சீசனை முடிப்பார். பெஞ்சில் உட்கார்ந்தவர் வளர மாட்டார். ஒருவரை வேறு மட்டத்துக்கு அனுப்புங்கள், அல்லது இரண்டாம் பேஸுக்கு நகர்த்துங்கள். புதிய இடத்தில் ரேட்டிங் உயர ஆட்டங்கள் தேவை என்பதால், அதைச் சீசன் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். மைனர் லீக் மேலாளரின் பொறுப்பில் விட்டிருந்தால், மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீரரும் எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டு வகைப் பந்து மட்டும் நன்றாக வீசும் 20 வயது பிட்சர். ஸ்டார்ட்டரா (ஆட்டத்தைத் தொடங்குபவர்), ரிலீவரா (பிறகு இறங்கி வீசுபவர்)?

முதலில் ஸ்டார்ட்டராகவே வைத்திருங்கள். மூன்றாவது பந்தின் பொட்டென்ஷியல் 45ஆவது இருந்து, ஸ்டாமினாவும் நடுத்தரமாக இருந்தால் வாய்ப்பு உண்டு. டபுள்-ஏயில் (ஹை-ஏக்கு அடுத்த மேல்மட்டம்) ஒரு முழு சீசன் ஆடியும் அந்தப் பந்தின் மதிப்பு உயரவில்லை என்றால் புல்பென்னுக்கு (ரிலீவர் குழு) மாற்றுங்கள். குறைந்த இன்னிங்ஸ் வீசுவதால் அவருடைய ‘ஸ்டஃப்’ (பந்தின் வலு) ரேட்டிங் அங்கே உயர்ந்து தெரியும். கன்ட்ரோல் (குறி தவறாமல் வீசும் திறன்) 35க்குக் கீழே இருந்தால் மட்டும் அங்கேயும் கவனம்.

கேள்வி: உழைப்பு குணம் ‘குறைவு’ என்று வந்தால் அந்த வீரரைத் தவிர்க்கலாமா?

அதற்காக மட்டும் தவிர்க்க வேண்டாம். உழைப்பும் அறிவுக்கூர்மையும் வளர்ச்சியைச் சற்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கும், தலைகீழாக்காது. சமமான இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்தால் போதும்.

கேள்வி: ரூல் 5 டிராஃப்டில் (பட்டியலில் இல்லாத மைனர் லீக் வீரர்களைப் பிற அணிகள் எடுப்பது) வீரர்களை இழக்கிறேன். எல்லோரையும் பாதுகாப்பு தரும் 40 பேர் பட்டியலில் சேர்த்துவிடலாமா?

வேண்டாம். 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவருக்கு ஐந்து சீசன், 19 வயதிலோ பிறகோ ஒப்பந்தமானவருக்கு நான்கு சீசன் பாதுகாப்பு உண்டு. அதன் பிறகுதான் அவரைப் பட்டியலில் சேர்க்கும் கேள்வியே வரும். அப்போதும், எடுக்கிற அணி 1,00,000 டாலர் கொடுத்து, அடுத்த சீசன் முழுவதும் அவரை 26 பேர் கொண்ட மேஜர் லீக் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 டாலருக்கு உங்களிடம் திருப்பித் தர முன்வர வேண்டும். ஹை-ஏயில் ஆடும் பேட்டரை அப்படிச் சுமக்க முன்வரும் அணி குறைவு. ட்ரிபிள்-ஏ (மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே) வரை வந்துவிட்ட ரிலீவரைத்தான் தூக்கிப் போவார்கள். முதலில் அவரைக் காப்பாற்றுங்கள்.

சீக்கிரம் சேர்ப்பதற்கு விலை உண்டு. பட்டியலில் இருப்பவரை ஒரு சீசனில் 20 நாளோ அதற்கு மேலோ மைனர் லீக்கில் வைத்தால் ஓர் ‘ஆப்ஷன்’ ஆண்டு (தடையின்றிக் கீழே அனுப்பக்கூடிய ஆண்டு) தீரும். இருப்பது மூன்றுதான். மேஜர் லீக்குக்கு இன்னும் இரண்டு மட்டம் பாக்கி இருக்கும்போதே ஒருவரைச் சேர்த்தால், அவர் தயாராகும் நேரத்தில் மூன்றும் முடிந்திருக்கும். அதன் பிறகு வெய்வரில் (பிற அணிகள் எடுத்துக்கொள்ள வாய்ப்பளிப்பது) போடாமல் அவரைக் கீழே அனுப்ப முடியாது.