‘அவன்’ என்றே இருக்கட்டும்

கேள்வி: எங்கள் வீட்டு நாய் பன்னிரண்டு வயதில் போன மாதம் இறந்துவிட்டது. ஒன்பது வயது மகன் இன்னும் ‘அவன் இங்கதான் படுத்திருப்பான்’ என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். ‘அவன் இல்லடா, அது. அது வெறும் நாய்’ என்று திருத்திப் பார்த்தும் பயனில்லை. வேறு குட்டி வாங்கிக் கொடுத்தால் மறந்துவிடுவானா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை)

பதில்: குட்டி விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தத் திருத்தத்தைப் பேசிவிடுவோம். முப்பது வருடமாகப் பிழை திருத்துகிறவன் சொல்கிறேன், உங்கள் மகன் சொன்னதில் பிழையே இல்லை.

நாய் அஃறிணை, ‘அது’ என்பதுதான் விதி. சரி. ஆனால் அதே இலக்கணத்தில் திணை வழுவமைதி என்று ஒன்று இருக்கிறது. பசுவைப் பார்த்து ஒருவர் ‘என் அம்மை வந்தாள்’ என்றால், அன்பில் சொன்னது, அப்படியே இருக்கட்டும் என்று அது விட்டுவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் நீங்களும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்தினாலும் திணையும் பாலும் மாறி வந்தால் அது இயல்புதான் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரே சூத்திரத்தில் முடித்துவிட்டார். அவர் முதலில் வைத்தது உவப்பை.

செறல் என்றால் கோபம். இந்தச் சூத்திரத்தின் கோபப் பாதியை மட்டும் நாம் தாராளமாக எடுத்துக்கொண்டோம். பிடிக்காத மனிதனைப் பற்றி ‘அந்த நாய் வந்துச்சா?’ என்று கேட்டால் யாரும் இலக்கணம் பேசுவதில்லை. ஒரு பையன் நாயை ‘அவன்’ என்றால் மட்டும் திருத்துகிறோம். இது என் பழைய சண்டை. ‘நன்றிகெட்ட நாய்’ என்று எழுதி வரும் கதைகளில் அந்த வார்த்தையை அடித்துவிடுவேன். பாத்திரம் அப்படித்தான் பேசும் என்று எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும். நன்றிக்கு நாயை உதாரணம் காட்டிவிட்டு, நன்றி இல்லாதவனுக்கும் அதன் பெயரையே வைப்பது எனக்கு ஒருநாளும் ஒப்பவில்லை.

அடுத்து அந்த ‘வெறும்’. ஜெர்மனியில் பான் நகரத்து ஓபர்காஸலில், 1914-ல் கல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். 14,000 வருடங்களுக்கும் மேல் பழையது. உள்ளே ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்தவர்கள் 2018-ல் சொன்னது இது: குட்டிக்கு இறக்கும்போது ஏறக்குறைய ஏழு மாதம். ஐந்தாம் மாத வாக்கில் டிஸ்டம்பர் என்ற, நாய்களைத் தாக்கும் கொடிய தொற்றுநோய் கண்டிருக்கிறது. அதோடு வாரக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது. கவனிக்க ஆள் இல்லாமல் அந்த நோயில் அத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடியாது. வேட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஆகாது. அதற்குத் தண்ணீர் புகட்டி, துடைத்துவிட்டு, குளிர் படாமல் யாரோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘வெறும் நாய்’ என்று சொல்லியிருக்க முடியுமா?

திணையைத் தாண்டி வருவது நாம் மட்டும் இல்லை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ என்று கூப்பிட்டுக்கொள்வது அபூர்வம். அது குட்டி தாயைக் கூப்பிடும் குரல். வளர்ந்த பிறகும் அந்தக் குரலைப் பூனை வைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மனிதர்களிடம் பேசத்தான். நாம் அதை ‘அவள்’ என்கிறோம், அவள் நம்மை அம்மா மாதிரி கூப்பிடுகிறாள். இதில் யார் யாரைத் திருத்துவது?

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஒருத்தி இருந்தாள், நாய்தான். செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். கதவைக் கொஞ்சம் திறந்தால் போதும், தெருவுக்கு ஓடிவிடுவாள். அதனால் வீட்டில் எல்லோருமே முழங்காலைக் குறுக்கே வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்போம். அவள் மூக்கு முழங்காலில் வந்து முட்டும், ஈரமாக, சில்லென்று. அவள் செத்து எத்தனையோ மாதம் கழித்தும் கதவில் கை வைத்தால் என் முழங்கால் தானாகக் குறுக்கே போகும். அப்பாவுக்கும் அப்படித்தான் போனது. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒருநாள் முழங்காலைக் குறுக்கே வைத்தபடி கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அவள் ஞாபகம் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் எனக்கு அழுகை கொஞ்சம் அடங்கியது.

அதனால் மறக்கவைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் பையனுக்கு ஒன்பது வயது, நாய்க்குப் பன்னிரண்டு. அவன் பிறந்த நாளிலிருந்து அந்த நாய் இல்லாத வீட்டை அவன் பார்த்ததே இல்லை. உங்களுக்குப் போனது ஒரு நாய். அவனுக்கு, அவன் பிறப்பதற்கு முன்பே அங்கே இருந்த ஒருவன்.

குட்டி இப்போது வேண்டாம். ஒன்று போன இடத்தை அடைக்க இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால், வருகிற குட்டிக்கும் அது நியாயமில்லை. தப்பாக ஒன்றும் செய்யாமலேயே ‘அவன் மாதிரி இல்லையே’ என்ற பேச்சைத் தினமும் கேட்டுக்கொண்டு வளரும். பையனே ஒருநாள் வந்து கேட்பான். கேட்டால், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு யார் குளிப்பாட்டுவது, யார் தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் பெயர் வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஆனால் அவன் பெயரையும் நீங்கள் எழுதவில்லையே! இன்று ராத்திரி மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவனையே எழுதச் சொல்லி அனுப்புங்கள். என்ன பெயர், யார் வைத்தது, எந்த இடத்தில் படுத்துக்கொள்வான், எல்லாம் வரட்டும். ‘அவன்’ என்று எழுதியிருந்தால் ‘அவன்’ என்றே அச்சாகும்.