பதினெட்டு நீலப் புள்ளிகளும் ஒரு வேக்குவம் கிளீனரும்

கேள்வி: லண்டனில், குராய்டன் பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கூடம், படிக்கட்டு, படுக்கையறைகள் என எல்லா இடத்திலும் கம்பளம். அதை எடுக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை. எட்டு வயது மகளுக்கு டஸ்ட் மைட் (தூசிச் சிற்றுண்ணி) அலர்ஜி என்று பரிசோதனையில் தெரிந்தது. காலையில் தும்மல், இரவில் இருமல். இருமும்போது நீல இன்ஹேலர் கொடுத்துவிட்டு நாட்காட்டியில் ஒரு புள்ளி வைக்கிறேன். சென்ற மாதம் 18 புள்ளிகள், அவற்றில் 11 இரவில். மாமியார் திருச்சியிலிருந்து கொண்டுவந்த அலர்ஜி மாத்திரையில் பாதியை இரண்டு வாரமாகக் கொடுக்கிறோம். அட்டை கிழிந்துவிட்டதால் பெயர் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணியும் போடுகிறோம். கம்பள நார் நுரையீரலில் படிந்துவிடும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எத்தனை வாட் வேக்குவம் கிளீனர் வாங்க வேண்டும்? ஹெபா வடிகட்டி போதுமா, தண்ணீர் வடிகட்டி வேண்டுமா? நான் வீட்டைச் சரியாகச் சுத்தம் செய்யாததால்தான் இவளுக்கு இப்படி வந்ததா?

மருத்துவர் பதில்: உங்கள் கடிதத்தில் வேக்குவம் கிளீனரைப் பற்றிப் பல வரிகள் இருக்கின்றன, நாட்காட்டியில் நீங்கள் வைத்த புள்ளிகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. என் பதில் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரவு இருமலுக்காக ஒரு குழந்தை வாரத்தில் ஒரு நாள் விழித்தாலோ, வாரத்தில் மூன்று நாட்களுக்கு நீல இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, அந்தக் குழந்தையின் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்றே நாங்கள் கொள்வோம். உங்கள் மகள் மாதத்தில் 11 இரவுகள் விழித்திருக்கிறாள். நீல இன்ஹேலர் சுருங்கிப்போன மூச்சுக்குழாயின் தசையைச் சில மணி நேரத்துக்குத் தளர்த்துகிறது; அதனால் இருமல் அடங்கி அவள் தூங்கிவிடுகிறாள், நீங்களும் நிம்மதியடைகிறீர்கள். ஆனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. அந்த வீக்கத்தைக் குறைப்பது தினமும் இரு வேளை இழுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர். பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் கொடுப்பார்கள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. எழுதித் தரப்படவில்லையா, அல்லது ஸ்டீராய்டு என்ற பயத்தில் அலமாரியில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், நாளைக் காலை எட்டு மணிக்கு உங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) மருத்துவமனைத் தொலைபேசி திறந்தவுடன் அழைத்து, "எட்டு வயதுக் குழந்தை, ஆஸ்துமா, மாதத்தில் 11 இரவு விழிக்கிறாள்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். "இருமல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் இரண்டு வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. பிரிட்டனில் ஆஸ்துமாவால் நிகழ்ந்த 195 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இறந்தவர்களில் 28 பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். 87 பேர் மருத்துவ உதவியை நாடாமலோ, நாடிய உதவி வந்து சேரும் முன்போ இறந்தார்கள். நீல இன்ஹேலர் போன்ற நிவாரண இன்ஹேலர் எத்தனை வாங்கினார்கள் என்ற விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் மட்டும் பன்னிரண்டுக்கு மேல் எழுதித் தரப்பட்டிருந்தது. நீல இன்ஹேலரின் பயன்பாடு கூடிக்கொண்டே போவது அபாய அறிகுறி என்பதை எங்கள் துறை இப்படித்தான் கற்றுக்கொண்டது. நீங்கள் வைத்த புள்ளிகள் அந்த அறிகுறியைச் சரியான நேரத்தில், எல்லாம் திருத்தக்கூடிய நிலையில் காட்டிக்கொடுத்திருக்கின்றன.

அதுவரை இரவில் அவள் இருமினால் விளக்கைப் போட்டு, சட்டையை உயர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுபட்டாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினாலோ, உதடு வெளிறினாலோ, கொடுத்த மருந்து நான்கு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் மறுபடி இளைப்பு வந்தாலோ, அது விடியும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் அன்று. நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழாய்) வழியாக நீல இன்ஹேலரை 30 முதல் 60 விநாடிக்கு ஒரு அழுத்தம் என்ற கணக்கில் பத்து அழுத்தம் வரை கொடுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், அல்லது இடையிலேயே மோசமானால், அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள். இருமலும் சத்தமும் திடீரென்று அடங்கி, குழந்தை சோர்ந்து கிடந்தால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே உள்ளே போகாதபோதும் நெஞ்சில் சத்தம் இராது.

அடுத்தது அந்த மாத்திரை. பெயர் தெரியாத ஒன்றைப் பாதியாக உடைத்து, எட்டு வயதுக் குழந்தைக்கு இரண்டு வாரமாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் மாமியாரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஊர் மருந்துக் கடையில் "அலர்ஜி மாத்திரை" என்று கேட்டால் கிடைப்பது வெறும் தும்மல் மாத்திரையாகவும் இருக்கலாம். மான்டெலுகாஸ்ட் என்ற ஆஸ்துமா, அலர்ஜி மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் இருக்கலாம். பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். மான்டெலுகாஸ்ட் சில குழந்தைகளுக்குக் கெட்ட கனவுகளையும் மனநிலை மாற்றங்களையும் கொண்டுவருவதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் அதன்மீது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டது. ஸ்டீராய்டாக இருந்து, வாரக்கணக்கில் கொடுத்த பிறகு சட்டென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. ஆகவே மிச்சம் இருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு இன்றே பக்கத்து மருந்தாளுநரிடம் போங்கள். மாத்திரையின் வடிவத்தையும் அதன்மேல் பொறித்த எழுத்தையும் பார்த்து அவர் கண்டுபிடிக்க முயல்வார். அவராலும் முடியாவிட்டால் மருத்துவ ஆலோசனை எண்ணான 111-ஐ அழைத்துக் கேளுங்கள். ஒரு பக்கம் பெயர் தெரியாத மாத்திரையை நம்பிக் கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கண்டு அஞ்சும் வீடுகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். தடுப்பு இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகும் மருந்து. பல ஆண்டுகள் எடுக்கும் குழந்தையின் உயரத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம் என்பது உண்மை. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய விலை. இழுத்த பிறகு வாய் கொப்புளிக்கச் சொல்லுங்கள்.

கம்பள நார் நுரையீரலில் படியாது. அது நுரையீரலின் ஆழம் வரை போக முடியாத அளவுக்குப் பெரியது. மூக்கிலேயே நின்று தும்மலோடு வெளியே வந்துவிடும். இந்தக் கவலையை இன்றோடு விட்டுவிடுங்கள்; உறக்கத்தைக் கெடுக்கும் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது என்று நினைக்கிறேன். இல்லை, உங்களால் வரவில்லை. தூசிச் சிற்றுண்ணி எட்டுக் கால்களோடு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும் உயிர். அது அழுக்கைத் தேடி வருவதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொண்டு, மனிதர் தூங்கும் எந்த வீட்டிலும் வாழும். பளிங்குபோல் துடைத்த வீட்டிலும் மெத்தை இருக்கும். மெத்தை இருந்தால் அதுவும் இருக்கும். அது கடிப்பதில்லை; அலர்ஜியைத் தூண்டுவது பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கும் புரதம்.

அந்த எச்சத் துகள் ஏறத்தாழ 20 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு கொண்டது. கனமானது என்பதால் காற்றில் நீண்ட நேரம் மிதக்காமல் விரைவில் கீழே படிந்துவிடும். கம்பளத்தின்மேல் ஓடும்போதும், மெத்தையில் குதிக்கும்போதும், வேக்குவம் போடும்போதும்தான் எழும்பும். இயந்திரத்தைத் தேர்வு செய்ய இதைத் தெரிந்துகொண்டால் போதும். ஐரோப்பிய அளவீட்டில் எச் 13 தர ஹெபா வடிகட்டி, பிடிப்பதற்கு மிகக் கடினமான நுண்துகள்களிலேயே 99.95 சதவீதத்தைப் பிடித்துவிடும். அவை சிற்றுண்ணி எச்சத்தைவிடப் பல பத்து மடங்கு சிறியவை. எனவே வடிகட்டியின் தசமப் புள்ளிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இயந்திரத்தின் உடல் முழுவதும் காற்றுக் கசியாமல் அடைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எத்தனை நல்ல வடிகட்டி இருந்தாலும், மூடியின் இடுக்கு வழியாகத் தூசிக்காற்று வெளியேறினால், கம்பளத்தில் சும்மா கிடந்ததை நீங்களே எடுத்துக் குழந்தையின் மூக்குக்கு நேராக ஊதுகிறீர்கள். வேக்குவம் கிளீனருக்கு 1901-இல் காப்புரிமை பெற்ற ஹூபர்ட் செசில் பூத், இதே லண்டனில் தன் இயந்திரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்திவிட்டு, குழாயை மட்டும் சன்னல் வழியாக வீட்டுக்குள் அனுப்பினார். கழிவுக்காற்று தெருவிலேயே போயிற்று. இயந்திரம் வீட்டுக்குள் வந்தபோதுதான் கழிவுக்காற்றும் வீட்டுக்குள் வந்தது.

அதே காரணத்தால் பை வைத்த இயந்திரத்தை வாங்குங்கள் என்பேன். பையில்லாத இயந்திரத்தின் கண்ணாடிப் பெட்டியைக் குப்பைத்தொட்டியின்மேல் கவிழ்க்கும்போது, சன்னல் வெளிச்சத்தில் சாம்பல் நிறப் புகைபோல் ஒன்று எழுந்து முகத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள்; ஒரு வாரம் சேகரித்தது ஒரே நொடியில் திரும்பி வருகிறது. வாய் தானாக மூடிக்கொள்ளும் பையாக இருந்தால் அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். கம்பளத்துக்கு மோட்டாரால் சுழலும் தூரிகைத் தலை அவசியம். வெறும் உறிஞ்சலுக்கு நாரின் அடியில் இருப்பது வராது. படிக்கட்டு இருப்பதால், கடையில் ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். கனமான இயந்திரம் இரண்டாம் வாரமே மூலைக்குப் போய்விடும். வாட் எண்ணை மறந்துவிடுங்கள்: 2017 செப்டம்பர் முதல் 900 வாட்டுக்கு மேற்பட்டவை ஐரோப்பியச் சந்தைக்கு வரக்கூடாது என்பது விதி, பிரிட்டனிலும் அந்த வரம்பே இருக்கிறது, வாட் என்பது மின்சாரச் செலவுதான், உறிஞ்சும் திறன் அன்று. தண்ணீர் வடிகட்டி உங்களுக்குத் தேவையில்லை. வீட்டுக்கே வந்து உங்கள் மெத்தையில் கறுப்புத் துணி வைத்து வெள்ளைத் தூள் எடுத்துக் காட்டும் விற்பனையாளரை நம்பிக் கடன் வாங்காதீர்கள். அந்தத் தூள் என் மெத்தையிலும் வரும்.

வாரம் இரு முறை, அவசரமில்லாமல், ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் இழுங்கள். அவள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் உயிருள்ள சிற்றுண்ணிகள் நாரைப் பற்றிக்கொண்டு நிற்கும். வேக்குவம் குறைக்கும், ஒழிக்காது. வீட்டுச் சிற்றுண்ணியைக் கட்டுப்படுத்தும் முறைகளைப் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2008-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை, அவற்றால் ஆஸ்துமா குறைந்ததாகக் காட்ட முடியவில்லை என்றே முடிவுசெய்தது. வேக்குவம் வந்து சேர்ந்த பின் பார்க்கலாம் என்று மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கம்பளத்தைவிட அவள் மெத்தைதான் முக்கியம், ஏனென்றால் ஒரு நாளில் ஒன்பது பத்து மணி நேரம் மூக்கு அதில்தான் இருக்கிறது. சிற்றுண்ணி புகாத உறையை மெத்தை, தலையணை, டூவே (தடித்த போர்வை) மூன்றுக்கும் போடுங்கள். அந்தக் காக்ரேன் அறிக்கைக்குப் பின், மான்செஸ்டர் பகுதிக் குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இத்தகைய உறை போட்டவர்களில் 100-க்கு 29 பேரும், சாதாரண உறை போட்டவர்களில் 100-க்கு 42 பேரும் ஓராண்டில் ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்குப் போனார்கள். விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். 30 டிகிரியில் சிற்றுண்ணி குளித்துவிட்டுத் திரும்பும். கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மையை ஒரு நாள் முழுக்க உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்துவிட்டு, பிறகு அலசிக் காயவையுங்கள். துவைத்த துணியை வீட்டுக்குள் ரேடியேட்டர்மேல் உலர்த்துவதையும், சன்னலைச் சாத்திக்கொண்டு குக்கர் வைப்பதையும் நிறுத்துங்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சிற்றுண்ணி பெருகாது. கம்பளத்தை நீராவியாலோ ஷாம்பூவாலோ கழுவி ஈரத்தோடு விட்டால் அதற்கு விருந்து வைத்தது போலாகும்.

சாம்பிராணி வேண்டாம். மூச்சுக்குழாய் வீங்கியிருக்கும் குழந்தைக்கு எந்தப் புகையும் புகைதான்; ஊதுபத்திக்கும் இதே பதில். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதில் ஒரு தடையும் இல்லை, மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலர்கள், ஸ்பேசர், கிழிந்த மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவள் இன்ஹேலரை இழுக்கும் விதத்தை அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். அந்த நாட்காட்டியையும் ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போய் அவர் மேசைமேல் வையுங்கள்.