அமெரிக்காவில் ருணமாஃபி: புத்தூர்த் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீ கேட்டதை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா வருகிறாய். வீட்டுப் பத்திரத்தை பாங்கில் வைத்து 38 லட்சம் கடன். இங்கே படிப்புக் கடனைத் தள்ளுபடி செய்கிறார்களாமே, நமக்கும் கிடைக்குமா அக்கா என்பது முதல் கேள்வி. அப்படியே செய்தாலும், ஒழுங்காகக் கட்டி முடித்தவன் ஏமாளியா, இது என்ன நியாயம் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தை: கிடைக்காது. இவர்கள் சண்டை போடுவது ஃபெடரல் அரசு, அதாவது இங்குள்ள மத்திய அரசு, கொடுத்த கடனுக்காக. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் இன்னும் சில பிரிவினருக்கும்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவருக்கு அந்தக் கடனே கிடையாது, அப்புறம் தள்ளுபடி எங்கிருந்து வரும்? உன் கடன் புத்தூரில் இருக்கிறது. நீ ஒஹாயோவில் உட்கார்ந்திருந்தாலும், தவணை தவறினால் போன் உன் அப்பாவுக்குத்தான் போகும்.

இரண்டாவது கேள்விதான் பெரிது. அதற்கு ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எனக்கு ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்து கிராமம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும். கடன் தள்ளுபடி என்ற சொல்லுக்கு முன்பே, அதற்குத் தெலுங்கில் சொல்கிற ருணமாஃபி என்ற சொல் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஆளுக்கு இரண்டு ஏக்கர். இரண்டு பேருமே வேர்க்கடலைக்கு சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கி, இரண்டு பேருமே கெடு தாண்டியிருந்தார்கள். 2008 சங்கராந்திக்கு முந்தின வாரம் நோட்டீஸ் வந்தது. அப்பாவுக்கு மானம் போய்விட்டது. அம்மாவின் இரண்டு வளையலை திருத்தணிக்குக் கொண்டுபோய் விற்று, கடனை அடைத்து, ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பெரியப்பா நோட்டீஸைப் பரணில் போட்டார். பிப்ரவரி 29-ஆம் தேதி சிதம்பரம் பட்ஜெட்டில் விவசாயக் கடன் தள்ளுபடியை அறிவித்தார். ஐந்து ஏக்கருக்குள் இருக்கிறவர்களுக்கு நிலுவை முழுவதும் போச்சு. ஆனால் 2007 டிசம்பர் கடைசியில் கெடு தாண்டியிருக்க வேண்டும், பிப்ரவரி 29 வரை கட்டாமலும் இருந்திருக்க வேண்டும். அப்பா கட்டி ஆறு வாரம் ஆகியிருந்தது.

ஜூன் மாதம் சொசைட்டி சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அப்பா போய் நின்று முழுப் பட்டியலையும் விரல் வைத்துப் படித்தார். தன் பெயர் இருக்காது என்று தெரிந்தேதான் படித்தார். சாயங்காலம் பெரியப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா ஒரு துண்டு எடுத்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும் சமையலறையிலிருந்து, வெறும் கையைப் பார்த்துக்கொண்டே, "கட்டாதவங்களுக்கு இனிப்பு, கட்டினவங்களுக்கு ரசீது" என்றாள்.

இங்கே 2022 ஆகஸ்டில் பைடன் அரசு அறிவித்தபோது நான் கேட்ட பேச்செல்லாம் அம்மா பேசியதுதான், ஆங்கிலத்தில். ஆண்டு வருமானம் 1,25,000 டாலருக்குள் இருந்தால் 10,000 டாலர் வரை தள்ளுபடி. ஏழைக் குடும்பத்து மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை வாங்கியிருந்தால் 20,000 வரை. அரசுக்குச் செலவு சுமார் 40,000 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். நான்கு கோடிப் பேருக்கு மேல் சேர்ந்து 1.6 லட்சம் கோடி டாலர் பாக்கி வைத்திருக்கிற நாட்டில் அது கால் பங்குதான், ஆனாலும் ஊரே இரண்டாகிவிட்டது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை அடித்துவிட்டது. 2003-இல் போட்ட ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு கல்வி அமைச்சர் இவ்வளவு பெரிய தள்ளுபடியைச் செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

நானும் அப்போது கட்டினவர்கள் கட்சிதான். ஆபீசில் மதியச் சாப்பாட்டின்போது, "எங்கள் ஊரில் கடன் வாங்கினால் கட்டுவோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரி ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்துத் தன் படிப்புக் கடன் கணக்கைக் காட்டினாள். 2004-இல் வாங்கியது 27,000 டாலர். நடுவில் இரண்டு முறை வேலை போயிருக்கிறது. கட்ட முடியாத மாதங்களின் வட்டி அசலில் ஏறியிருக்கிறது. பதினெட்டு வருஷம் கழித்து பாக்கி 31,000. எனக்கு நகரி சந்தையில் வட்டிக்கு விடுகிற ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். மாதாமாதம் கொடுத்துக்கொண்டே இருப்பாய், அசல் அப்படியே நிற்கும். கிரெடிட் கார்டு கடன் திவாலானால் போய்விடும், இந்தக் கடன் அவ்வளவு சுலபத்தில் போகாது. அதற்கென்று சட்டத்திலேயே தனி முட்டுக்கட்டை வைத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து என் பழைய கணக்கை எடுத்தேன். நான் வந்தது 2011 ஆகஸ்டில், 16 லட்சம் கடனோடு. அப்போது டாலர் சுமார் 45 ரூபாய். அந்த விலையில் ரூபாயை மாற்றித்தான் ஃபீஸ் கட்டினேன். படிப்பு முடிந்து வேலை கிடைத்தது 2013-இல். அந்த ஆகஸ்டில் ரூபாய் 68 வரை விழுந்தது, ஊரில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். எனக்கு அது யோகம். கட்டி முடித்த காலம் முழுக்கச் சராசரி 62 என்று வைத்துக்கொள். வட்டியைத் தள்ளிவைத்து அசலை மட்டும் பார்த்தால், 45-இல் 35,500 டாலராக இருந்த கடன் 62-இல் 25,800 டாலர் ஆகிவிட்டது. ஏறக்குறைய 10,000 டாலர். பைடன் கொடுக்கப் பார்த்த அதே தொகை எனக்குத் தள்ளுபடி ஆகியிருக்கிறது, எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. ராத்திரி பகலாக உழைத்துக் கட்டினேன் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் ரூபாயின் பங்கு இவ்வளவு. அதற்கும் முன்னால் என் பி.டெக். ஃபீஸில் பெரும்பங்கை ஆந்திர அரசின் ரீயிம்பர்ஸ்மெண்ட்தான் கட்டியது. அதை நான் கணக்கிலேயே சேர்த்ததில்லை.

அதற்காகத் தள்ளுபடி கூடாது என்கிறவர்கள் சொல்வதெல்லாம் வயிற்றெரிச்சல் என்று நினைத்துவிடாதே. என் பக்கத்து வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கல்லூரி வாசலை மிதிக்காதவர், கடன் வாங்கி வேன் வாங்கினவர். "என் வேன் கடனை யார் தள்ளுவார்கள்? பட்டம் வாங்கி என்னைவிட அதிகம் சம்பாதிக்கப் போகிறவனுக்கு என் வரியா?" என்று கேட்டார். இந்த நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் பட்டம் இல்லாதவர்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் கொரோனா சமயத்தில் சிறு தொழில்களுக்குக் கொடுத்த பிபிபி கடன் அவரும் வாங்கினார், முழுவதும் தள்ளுபடியும் ஆயிற்று. அதைச் சொன்னால், "அது வேறே" என்கிறார். எல்லோருக்கும் தன் தள்ளுபடி வேறேதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. 2007-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அரசாங்கத்திலோ லாபநோக்கில்லாத அமைப்பிலோ வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதியைத் தள்ளுவோம் என்று. அதை நம்பி டீச்சர் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் போனவர்கள் ஏராளம். பத்து வருஷம் கழித்து, 2017-இல் தொடங்கி முதல் ஆட்கள் விண்ணப்பித்தபோது, நூற்றுக்கு 99 பேருக்கு இல்லை என்று பதில் வந்தது. கடன் வகை சரியில்லை, தவணைத் திட்டம் சரியில்லை, எண்ணிக்கை குறைகிறது. பிறகு விதிகளைத் தளர்த்தி லட்சக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தார்கள். அதைத் தள்ளுபடி என்று சொல்வதே எனக்குப் பிடிக்காது. பேசின கூலி அது.

மற்றதில் என் கருத்து இதுதான்: தள்ளுபடி என்றாலே ஒரு கோடு கிழித்தாக வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அப்பா நின்றுகொண்டுதான் இருப்பார். அவருக்காகப் பெரியப்பாவின் கடனைத் தள்ளாமல் விட்டிருந்தால் அம்மாவின் வளையல் திரும்பி வந்திருக்காது. ஆனால் மாஃபி ஆன அடுத்த வருஷமே பெரியப்பா மறுபடி கடன் வாங்கினார், ஏனென்றால் மழையும் விலையும் அப்படியே இருந்தன. இங்கேயும் கல்லூரி ஃபீஸில் கைவைக்காமல் கடனில் மட்டும் கைவைத்தால் அதே கதைதான்.

சரி, உன் காரியத்துக்கு வருகிறேன். படிக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்று பாங்கில் சொல்லியிருப்பார்கள். வட்டி அந்த மாதங்களிலும் ஓடும். கேம்பஸில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். அதில் வருவதில் கொஞ்சமாவது வட்டிக்கு அனுப்பு, என் பக்கத்து மேசைக்காரியின் கணக்கை மனசில் வைத்துக்கொள். எனக்கு அடித்த ரூபாய் யோகத்தை நம்பிக் கணக்குப் போடாதே, நீ ஃபீஸ் கட்டப்போவதே டாலர் 80-ஐத் தாண்டிய பிறகு. அப்புறம், ஆபீசிலோ கிளாசிலோ இந்தப் பேச்சு வந்தால் "எங்கள் ஊரில் கட்டுவோம்" என்று மட்டும் ஆரம்பிக்காதே.

என் கடைசித் தவணை 2016 பிப்ரவரியில் வந்தது. பணம் அனுப்புகிறேன் என்று போன் செய்தால் அப்பா, "கொஞ்சம் பொறும்மா, பட்ஜெட் முடியட்டும்" என்றார். அந்த வருஷமும் பட்ஜெட் பிப்ரவரி 29-ஆம் தேதிதான். அன்று காலை டீவி முன்னால் உட்கார்ந்து ஜேட்லி பேசியதைக் கடைசிவரை கேட்டிருக்கிறார். ராத்திரி போன் வந்தது: "ஒண்ணும் இல்ல. அனுப்பிடு." ஒரு வாரத் தாமத வட்டி 600 ரூபாய் சேர்த்துக் கட்டினேன்.